ஐஸ் ரூமில் நிற்பவர்

முதல் இலை விழுந்தது கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. இதை எனக்குச் சொன்ன மூன்று பேரும் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று கிழமை சொன்னார்கள். நான் நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். இலையின் நிறத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிவப்பு.

ஐஸ் ரூமின் ஈரத் தரையில், காலி மீன் பெட்டிகளுக்குப் பின்னால், அது விரல்களை விரித்துக்கொண்டு ஒரு சின்னக் கை மாதிரி கிடந்தது. பக்கிரி குனிந்து எண்ணிப் பார்த்தார். ஏழு விரல்.

உடனே மனைவிக்கு போன் போட்டார்.

"சாமுண்டி, இல கொட்டுதுடி."

"எத்தினி?"

"ஒண்ணு."

"ஒண்ணுக்கா போன் பண்ண? என் தலையில தினம் நூறு கொட்டுது. நான் யாருக்குய்யா போன் பண்றது?"

பக்கிரி இலையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். எதிரே கடல். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கிரி பயந்த மனிதர். அதற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் போன படகு கவிழ்ந்தது. ஒரு பகல் முழுக்க டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தார். கூடப் போன இருவரில் ஒருவர் கரைக்கு வரவில்லை. அன்றிலிருந்து அவர் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில் கடலுக்குப் போகாமல் சோறு தின்கிற ஆம்பளை அவர் ஒருவர்தான். சாலமன் முதலாளியின் ஐஸ் ரூமைத் திறப்பதும் சாத்துவதும் அவர் வேலை. அந்த வேலை போனால் உப்பளம். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் குளமாகக் கிடக்கும், அங்கே யாருக்கும் வேலை இல்லை. அப்புறம் கடல்தான்.

சாலமனுக்கு ஒரே ஒரு சட்டம். உள்ளே ஐஸும் மீனும் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது. பக்கிரிக்கு முன்னால் இருந்தவன் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய மல்லிகைப் பூவை ஒருநாள் வைத்தான். அன்று சாயங்காலமே சாலமன் அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் தெரிந்தும் பக்கிரி ஒரு தொட்டி மரத்தை உள்ளே வைத்ததற்குக் காரணம் சாமுண்டீஸ்வரி. அவள் ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மாவின் தோட்டத்தில் வேலை பார்த்தாள். அந்த அம்மா இங்கிரிட். குப்பத்துக்கு இங்கிரி அம்மா. வருடத்தில் ஆறு மாதம் பனி கொட்டுகிற தேசத்தில் பிறந்தவர். இருபது வருடமாக இங்கே இருக்கிறார். தமிழைத் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களிடம் கற்றுக்கொண்டதால் கலெக்டர் வந்தாலும் "இன்னாய்யா" என்றுதான் கேட்பார். பனி தேசத்தில் தன் அப்பா வளர்த்த ஜப்பான் மேப்பிள் மரத்தை இந்த வெயிலில் வளர்க்க வேண்டும் என்பது அவருக்குப் பிடிவாதம். பனிக்காலமே இல்லாத ஊரில் அந்த மரம் தூங்காமல் தூங்காமல் இளைத்துப்போகிறதாம். வருடத்துக்கு இரண்டு மாதமாவது அதற்குக் குளிர் வேண்டுமாம்.

"உன் ஊட்டுக்காரர் ஐஸ் ரூம்லதான இருக்காரு?" என்று கேட்டிருக்கிறார். சாமுண்டி ஆமாம் என்று சொல்லிவிட்டாள். முதலாளியைக் கேட்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

தொட்டியைத் தூக்கிக் கொடுத்த அன்று இங்கிரி அம்மா அதிகம் பேசவில்லை. குளிரில் வை, சாக்கு சுற்று, பத்து நாளைக்கு ஒரு சொம்பு தண்ணீர், அவ்வளவுதான். பிறகு மரத்தின் தண்டை நெடுநேரம் தடவிக்கொண்டு நின்றார். தன் பாஷையில் அதனிடம் ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் ஊருக்கு விமானம்.

பெற்ற பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது பக்கிரிக்கு. அந்த நிமிடத்தில் உள்ளே புகுந்த நடுக்கம் பிறகு போகவே இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது இலை. அடுத்த வாரம் முப்பது.

"காத்து பட்டிருக்கும்" என்றாள் சாமுண்டி. "அந்தக் காத்தாடி அது மூஞ்சிலயே அடிக்குது இல்ல? அம்மா சாக்கு சுத்தச் சொன்னாங்களே, சுத்தினியா?"

பக்கிரி சாக்குத் தேடினார். மரக்காணத்தில் சாக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் உப்புச் சாக்கு. உப்பு பட்ட வரப்பில் புல்கூட முளைக்காது என்பது அங்கே தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். ஆகவே சாக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்த முடிவு சரியானதுதான். அதற்குப் பதிலாக எதை எடுத்தார் என்பதில்தான் எல்லாம் கெட்டது.

தம்பி மகள் கல்யாணத்துக்கு எடுத்த எட்டு முழ வெள்ளை வேட்டி பெட்டியில் இருந்தது. அதை மரத்தின் உச்சியிலிருந்து தொட்டிவரை இறுக்கமாகச் சுற்றினார். அவிழாமல் இருக்க மூன்று இடத்தில் கயிறு. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று.

இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தார். நாலடி உயரத்தில் அது அமைதியாக நின்றது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்க அவருக்குத் துணிவில்லை. காலிப் பெட்டிகளை முன்னால் அடுக்கி மறைத்துவிட்டு வந்துவிட்டார். அதன்பிறகு துணியை விலக்கி உள்ளே பார்க்கவும் துணியவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதோடு சரி.

சனிக்கிழமைதோறும் சாலமன் திண்டிவனத்திலிருந்து வந்து ஐஸ் ரூமுக்குள் எட்டிப்பார்ப்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கிரி பெட்டிகளை இன்னும் ஒரு வரிசை உயர்த்தினார். எட்டு சனிக்கிழமை அப்படியே போயின.

பொங்கல் கழிந்ததும் கடல் நிறைய மீன் கொடுத்தது. அது இவருக்குக் கெடுதலாக முடிந்தது. காலிப் பெட்டிகள் எல்லாம் நிரம்பி வண்டி ஏறின. மறைப்பு போய்விட்டது.

அன்று காலை ஐஸ் எடுக்க வந்தவன் அரவிந்தன், புதுப் படகுக்காரன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவன் வெறுங்கையோடு வெளியே வந்தான்.

"மாமா... அங்க நிக்கறது யாரு?"

பக்கிரியின் கண்ணுக்கு முதலாளியின் முகம் மட்டும்தான் தெரிந்தது. "சத்தமா பேசாதப்பா. முதலாளிக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாரு."

"எத்தினி நாளா இருக்குது?"

"அம்பது நாளைக்கு மேல ஆவுது."

அரவிந்தன் ஓர் அடி பின்னால் வைத்தான். "அம்பதா! எடுத்துட வேண்டியதுதான மாமா?"

"எப்படிப்பா எடுக்கறது? வெளிநாட்டுல இருந்து அம்மா வரணும். அவங்க வந்து ஒருவாட்டி பாத்துட்டாதான் எடுக்க முடியும்."

"பெத்த அம்மாவா?"

"வளத்தவங்க. பெத்த மாதிரிதான்."

அரவிந்தன் தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தான். "வயசு மாமா?"

"பதினொண்ணுனு சொன்னாங்க."

அரவிந்தன் கதவு இடுக்கு வழியாக இன்னொருமுறை உள்ளே பார்த்தான்.

"அதுவரைக்கும் கெடாம இருக்குமா மாமா?"

"அதான்பா எனக்கும் பயம்" என்றார் பக்கிரி. "கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக்கினே இருக்குது."

அரவிந்தன் ஐஸ் வாங்காமலே போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று பக்கிரி நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு படகும் ஐஸுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. குப்பத்துப் படகுகள் எட்டும் கூனிமேட்டுப் பக்கம் ஆள் அனுப்பி ஐஸ் எடுப்பதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பக்கிரி உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். டீக்கடைக்காரர் அவரிடம் காசு வாங்கவில்லை. "இருக்கட்டும்ணே, மனசத் தேத்திக்குங்க" என்றார். பக்கிரிக்கு டீ இறங்கவில்லை. எதற்காகத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்க அவருக்குப் பயம்.

நான்காம் நாள் சனிக்கிழமை. அவர் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே மணலில் பெண்கள் வருவது தெரிந்தது. மீன் விற்கிற பெண்கள் எட்டுப் பேர். முன்னால் வசந்தா, குப்பத்தில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையது. கையில் ரோஜா மாலை. வாசலில் உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள்.

"வசந்தா! வசந்தா! யாருக்கு அழுவுற?"

"தெரியாது" என்றாள் வசந்தா, மூக்கைச் சிந்திக்கொண்டு. "பதினோரு வயசுனு அரவிந்தன் சொன்னான். அது போதாதா?"

பக்கிரிக்கு அப்போதுதான் புரிந்தது. வெள்ளை வேட்டி, மூன்று கட்டு. எங்கே பார்த்தோம் என்பதும் ஞாபகம் வந்தது, பாடையில். கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அது ஆள் இல்லமா! மரம்!"

எட்டுப் பேரும் அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள்.

"பாவம்" என்றாள் ஒருத்தி. "மூளைக்கு ஏறிடுச்சு."

"ஜப்பான் மரம். குளுர்ல வெச்சாதான் பொழைக்குமாம்."

"ஏன்யா, கத்திரிக்காயே ஃபிரிட்ஜுல ரெண்டு நாள்ல கருத்துப் போவுது. மரத்த எவனாவது ஐஸ்ல வெப்பானா? அம்பது நாளா பொணத்தக் கூடவே வெச்சிக்கினு இருந்தா இப்படித்தான் பேச்சு வரும்."

உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று பக்கிரி அதுவரை நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையும் போனது. உள்ளே ஓடி, தொட்டியை இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். மூன்று கயிற்றையும் அவிழ்த்தார். வேட்டி சரிந்து விழுந்தது.

உள்ளே ஓர் இலைகூட இல்லை. சாம்பல் நிறத்தில் வெறும் குச்சிகள். இலையெல்லாம் வேட்டியின் மடிப்பில் சருகாகக் குவிந்து கிடந்தது.

உள்ளே கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்டதாம்.

வசந்தா எழுந்து வந்து ஒரு குச்சியைத் தொட்டாள். சாவைத் தொட்டுப் பழகிய கை அது.

"மரம்தான்" என்றாள். "ஆனா செத்துதான் போச்சு பக்கிரி."

கொண்டுவந்த மாலையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போகும் வழக்கம் இல்லை. ஆகவே அதை மரத்துக்குப் போட்டாள். பின்னால் இருந்த ஏழு பேரும், வந்ததற்கு, கொஞ்சம் அழுதார்கள். இந்தமுறை பக்கிரியும் சேர்ந்துகொண்டார்.

அப்போது போன் அடித்தது. சாமுண்டி.

"யோவ், அம்மா வந்துட்டாங்க. மரத்தப் பாக்கணும்னு நேரா அங்கதான் கிளம்பறாங்க. நானும் வண்டில வர்றேன். இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்."

வைத்தவுடன் மறுபடி அடித்தது. சாலமன்.

"ஏம்பா, நாலு நாளா ஒரு கட்டி ஐஸ் போவலயாமே? கிளம்பிட்டேன். எங்கயும் போயிடாத."

பக்கிரி கடலைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தார். அது அவருக்காக இடம் வைத்துக் காத்திருப்பது போலிருந்தது.

மூச்சுமுட்டுகிற நேரத்தில் மனிதனுக்குத் தெரிந்த வேலைதான் கைக்கு வரும். பக்கிரி ஓடிப்போய் வலை பின்னுகிற தங்கூசி நரம்பை எடுத்துவந்தார். ஒரு சருகை எடுத்தார். குச்சியில் வைத்து முடிச்சுப் போட்டார். நின்றது. இன்னொன்று எடுத்தார்.

வசந்தா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "நரம்ப இப்படிக் குடு."

ஒன்பது பேர். எல்லோரும் வலை முடிந்து பழகிய கை. மரத்தைச் சுற்றி உட்கார்ந்து சருகு கட்டினார்கள்.

"இதுல எது மேல் பக்கம்?"

"அம்மாவுக்குத் தெரியும். நமக்கென்னா, கட்டு."

"நுனில ஒண்ணு வையுடி, மொட்டையா தெரியுது."

"கூட்டாத, அப்புறம் புளியமரம் மாதிரி ஆயிடும்."

நூற்றுப் பதினான்காவது இலையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சாலமனின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து பார்த்தார். தன் ஐஸ் ரூம் வாசலில் எட்டுப் பெண்கள், நடுவில் மாலை போட்ட ஒரு மரம், அதன் காலடியில் பக்கிரி.

"பக்கிரி" என்றார். வலது கையை நீட்டினார். சாவிக்காக நீட்டிய கை.

பக்கிரி இடுப்பிலிருந்து சாவியை எடுப்பதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. இங்கிரி அம்மா இறங்கினார். பின்னாலேயே சாமுண்டி இறங்கி, மரத்தைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வேனிலேயே சாய்ந்துவிட்டாள்.

இங்கிரி அம்மா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓர் இலையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"இன்னா முடிச்சு இது?"

"வலை முடிச்சும்மா" என்றார் பக்கிரி. "எல்லாம் கொட்டிடுச்சும்மா. நான் ஒண்ணும் பண்ணலம்மா. என்னை மன்னிச்சிடுங்கம்மா."

இங்கிரி அம்மா கட்டைவிரல் நகத்தால் தண்டை லேசாகக் கீறினார். சாம்பல் தோலுக்கு அடியில் பச்சை. மெல்லிய, ஈரமான பச்சை.

அவர் ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தூங்குதுய்யா" என்றார். "எவ்ளோ நல்லா தூங்குது."

"இல கொட்டும்னு நீங்க சொல்லவே இல்லியேம்மா!"

"சொல்லணுமா? குளுர் வந்தா இல கொட்டும். இது யாருக்குத் தெரியாது?"

அங்கே நின்ற பதினோரு பேருக்கும் தெரியாது.

பிறகு இங்கிரி அம்மா சாலமனை வேன் பக்கம் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். பத்து நிமிடம் இருக்கும். பக்கிரி அந்தப் பத்து நிமிடமும் மூச்சுவிட்டாரா என்று தெரியாது. சாலமன் திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது. பக்கிரியின் தோளில் தட்டினார்.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும். கதவ ஒழுங்கா சாத்து, குளுர் வெளிய போவுது."

இனி எல்லோரும் என்னவானார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மரம் மாசியில் துளிர்த்தது. சாமுண்டி அதே தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். அரவிந்தன் இரண்டு வாரம் பக்கிரியின் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டு ஐஸ் எடுக்க வந்தான். மற்ற படகுகளும் பின்னால் வந்தன. போனில் துளிரின் படத்தைப் பார்த்த வசந்தா, தாங்கள் அழுத அழுகையில்தான் அது எழுந்ததென்று இன்னும் சொல்கிறாள். சாலமன் மீன் பெட்டிகளுக்கு வெளியே தனிக் கொட்டகை போட்டார். ஐஸ் ரூமின் பின்பாதியைக் காலி செய்யச் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. பக்கிரி கடலுக்குப் போகவில்லை. பத்து மாதம் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த கார்த்திகையில் ஒருநாள் ஐஸ் ரூம் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் தேவா, இங்கிரி அம்மாவின் ஆள், பின்கதவைத் திறந்தான். உள்ளே நாற்பத்தொரு தொட்டிகள். எல்லாவற்றிலும் ஏழு விரல் விரித்த சிவப்பு இலைகள். சாலமன் பின்பாதியைக் காலி செய்யச் சொன்னது இதற்குத்தான்.

பக்கிரி கதவைப் பிடித்துக்கொண்டார். "தேவா, என்னால முடியாதுப்பா. அம்மாவோட செல்ல மரம் அந்த ஒண்ணுக்கே எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு."

"செல்ல மரமா?" தேவா சிரித்துக்கொண்டே முதல் தொட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்தான். "அது இருக்கறதுலயே நோஞ்சான்ணே, செத்தாலும் பரவால்லனு டெஸ்ட்டுக்குக் குடுத்தாங்க, அம்மா புள்ள மாதிரி வளக்கறது இந்த நாப்பத்தொண்ணுதான்."